பொருத்தம் வாங்கிப் போனவன் திரும்பி வந்த கதை

அஸ்ஸலாமு அலைக்கும்.

டோஹாவில் இருக்கும் அன்பு மச்சான் றம்ஸீனுக்கு, காத்தான்குடியிலிருந்து உன் றாத்தா சபூராவின் புருசன் நிஸ்தார் எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் என் உடம்பு சுகம், மற்றதெல்லாம் சுகமில்லை. ஃபோன் சபூராவின் கையில் இருப்பதால், இதைப் பேனாவால் எழுதி, லீவு முடிந்து உன் கம்பனிக்குத் திரும்பும் றிஸ்லானிடம் கொடுத்தனுப்புகிறேன்.

என் வலது நுரையீரலின் உச்சியில் புளியங்கொட்டை அளவில் கட்டி இருந்தது நீ அறிந்ததே. சென்னை டொக்டர், "கை போய்த் திரும்ப முடியாத மூலைங்க அது. ரோபோ வச்சு எடுத்துடலாம்" என்றார். நம் புடவைக்கடையில் மேல்தட்டு மூலைக்குள் விழுந்த துணிக்கட்டை நான் கம்பால் இழுக்கிற லட்சணம் எனக்குத் தெரியுமாகையால், என் கதை முடிந்தது என்றே முடிவு கட்டினேன். ஒப்பரேஷனுக்குப் போகிறவன், செய்த பிழைகளை மன்னிக்கச் சொல்லிப் பொருத்தம் கேட்காமல் போகலாமா? தியேட்டர் வாசலில் சபூராவின் கையைப் பிடித்து, சிகரெட்டை விட்டேன் என்று செய்த சத்தியம் பொய், சீனி வருத்தத்துக்கு நடக்கப்போகிறேன் என்று பதினொரு வருஷம் வாவிக்கரையில் நின்றது புகை விடத்தான் என்று கொட்டிவிட்டேன். அவள் அழுது, "எல்லாத்தையும் பொருந்திட்டன், நீங்க கலிமாவச் சொல்லுங்க" என்றாள். உள்ளே போனால், என் பக்கத்தில் நாலு கை மெஷின். டொக்டரோ தூரத்து மூலையில் செருப்பைக் கழற்றிவிட்டு, தையல் மெஷினில் குந்தியவர்போல் ஒரு பெட்டிக்குள் தலையை விட்டிருக்கிறார். நானும் கலிமாவைச் சொன்னேன். கண் விழித்தால் விலாவில் சட்டைப் பட்டன் துளைபோல ஐந்து காயம், கட்டி இல்லை, மறுநாளே நடக்கச் சொல்கிறார்கள்.

ஊரில் ஹோர்லிக்ஸ் போத்தலோடு பார்க்க வந்த சனம் சட்டையைத் தூக்கிப் பார்த்து, "இவ்வளவுதானா காயம்?" என்று ஏமாந்து போகிறது. அதைத் தாங்கலாம். வந்த அன்றே சபூரா சொன்னதுதான் தாங்கவில்லை: "மௌத்தாப் போற மனிசனுக்குத்தான் பொருத்தம் சொன்ன நான். திரும்பி வந்த ஆளுக்கு இல்ல." அதோடு பேச்சு நின்று ஒரு மாதம். சோற்றுக் கோப்பையை வைப்பாள், போவாள். இதை எந்த ஆலிமிடம் போய்க் கேட்பேன்? தம்பி சொன்னால் கேட்பாள். "மச்சான் பாவம், உட்டுருங்க றாத்தா" என்று ஒரு சொல் சொல்லிவிடு.

அல்லாஹ் உன் ஹயாத்தையும் உன் ஓவர்டைமையும் நீளமாக்கட்டும்.

இப்படிக்கு,
பொருத்தம் இல்லாத மச்சான்,
நிஸ்தார்

பி.கு.: இதை மடிக்கும்போது சபூரா தேத்தண்ணியோடு வந்து, "இஞ்சாருங்க, ஒண்டு கேக்கன். கடையில வாங்கினா ஊருக்கே தெரிஞ்சிருக்கும். ஒங்களுக்கு சிகரெட் ஆரு தந்த?" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு பேசுகிறாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. லீவுக்கு லீவு நீ கொண்டுவந்த பெட்டிகளைச் சொன்னேன். அந்த இடத்திலேயே என்னைப் பொருந்திவிட்டாள். ஆகவே எனக்காக நீ பேச வேண்டாம். அவள் அடித்தால் ஃபோனை எடுக்கவும் வேண்டாம். உன்னைப் பொருந்த அவளுக்கு உன்னுடைய ஒரு ஒப்பரேஷனாவது தேவைப்படும் போலிருக்கிறது. சென்னை டொக்டரின் நம்பரை றிஸ்லானிடம் கொடுத்திருக்கிறேன்.