எட்டு பன்னெண்டு அண்ணாச்சியின் மூன்றாம் மாடி ஆபீஸ்

வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்க லாயக்கே இல்லாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் மும்பை திலக் நகரில் எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில், என் எதிர் வீட்டில் குடியிருந்தார். இரண்டாவது ஆள் நான். ஆனால் அவர் முன்னால் நான் வெறும் கற்றுக்குட்டி.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் எட்டு பன்னெண்டு அண்ணாச்சி. இருபத்தேழு வருஷம் காலை எட்டு பன்னிரண்டு லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு, வி.டி. ஸ்டேஷன் பக்கம் ஒரு கப்பல் கம்பெனிக்குப் போய் வந்தவர். அந்தக் கம்பெனி திடீரென்று ஆபீஸையே காலி செய்து, ஆளுக்கொரு லேப்டாப்பைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

முதல் வாரம் ஷூ போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். பத்தே நிமிஷத்தில் ஷூவோடு தூங்கினார். இரண்டாவது வாரம் டிபன் பையோடு ஸ்டேஷன் வரை போனார். எட்டு பன்னிரண்டை வழியனுப்பினார். திரும்பி வந்து தன் வீட்டு பெல்லையே அடித்து, கதவைத் திறந்த மனைவியிடம் "குட்மார்னிங் மேடம்" என்றார்.

"மேடமா? வெங்காயத்த உரிச்சி வச்சிட்டுப் பெறவு ஆபீசுக்குப் போங்க" என்றார் மதினி.

ஒருநாள் தலைவலி என்று அரைநாள் லீவு கேட்டு மதினிக்கே லெட்டர் எழுதினார். மதினி அதன் ஓரத்தில் 'கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சா?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

என் கதை இப்படிச் சிரிக்கக்கூட உதவாது. வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டு டைப் செய்வது என் வேலை. அப்பா அம்மா தூரத்தில், அம்பர்நாத்தில். இங்கே நான் தனி. பதினொரு மணிக்குக் கண் விழித்து, படுத்தபடியே லேப்டாப்பைத் திறப்பேன். பல் தேய்க்கும்போது மணி இரண்டு. சில நாள் ஒரே வரியைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். ஏன் என்று கேட்க யாரும் இல்லை. என் மேனேஜர் திரையில் ஒரு பச்சைப் புள்ளி, அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் அண்ணாச்சி ஏதோ ஒயர் கேட்டுக் கதவைத் தட்டினார். என் கோலத்தைப் பார்த்தார்.

"காய்ச்சலா தாயி?"

"இல்ல அண்ணாச்சி. வேலை."

"இது வேலை பாக்குத மூஞ்சி இல்லியே. காலைல கண்ணாடியில இதே மூஞ்சியத்தான் பாத்தேன்."

மறுநாள் இரண்டு வாசலுக்கும் நடுவே, மாடிப்படி முகப்பில், எதிரெதிராக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு ஸ்டூல்கள்.

"வீட்டுக்குள்ள ஒரு சனியன் கெடக்கு. கட்டில்னு பேரு. வெளிய வா. நீ என்னப் பாத்துக்க, நான் ஒன்னப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

மத்தியானம் ஒரு மணி வரை பேச்சுக் கிடையாது. என் கண் சொருகினால் மட்டும் அடுத்த ஸ்டேஷனைச் சொல்லும் ரயில் அறிவிப்புக் குரலில் "அக்லா ஸ்டேஷன், குர்லா!" என்பார். நான் துள்ளி எழுவேன். சொசைட்டி செக்ரட்டரி மூச்சிரைக்க ஏறி வந்து, "யே பாஸேஜ் ஹை, ஆபீஸ் நஹி!", இது நடைவழி, ஆபீஸ் இல்லை, என்று கத்தினார். "பாஸேஜ் ஹை தோ பாஸ் கரோ சாப்" என்று அண்ணாச்சி பவ்யமாகக் காலை மடக்கி வழி விட்டார்.

உற்சாகம் வந்துவிட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். மனசு அப்படியேதான் கிடந்தது. ஆனால் எதிரே ஒருவர் படபடவென்று தட்டிக்கொண்டிருக்கும்போது சும்மா இருக்க வெட்கமாக இருந்தது. நாலு மாதம் அந்த வெட்கத்தில் ஓடியது.

மழை பெய்த ஒரு காலையில் என் சார்ஜர் செத்துப்போனது. அண்ணாச்சி தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தார். அவருடையதை எடுக்கலாம் என்று அவர் லேப்டாப்பைத் திருப்பினேன். அதில் ஒயரே இல்லை. திரை கறுப்பாக இருந்தது. எந்தப் பொத்தானை அழுத்தியும் உயிர் வரவில்லை.

செம்போடு வந்தவர் பார்த்துவிட்டார். மெதுவாக உட்கார்ந்தார்.

"கம்பெனிக்காரன் அவன் லேப்டாப்ப வாங்கிட்டுப் போயி ஒன்றரை மாசம் ஆச்சு தாயி. எனக்கு வேகம் பத்தலையாம். இது மவனோட பழசு. ரிப்பேரு."

"அப்ப இவ்வளவு நாளா என்னத்த அண்ணாச்சி டைப் அடிச்சிய?"

"வேலைக்கு விண்ணப்பம்தான். ஸ்கிரீன் இல்லாததால தப்பு ஒண்ணும் தெரியல."

"மதினிக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். அவதான் சொன்னா, போயி உக்காருங்க, இல்லேன்னா எதிர்வீட்டுப் பிள்ள திரும்பப் படுத்துக்கிடும்னு."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அன்று இரண்டு பேரும் ஒரு வரிகூட அடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அவர் சொல்லச் சொல்ல, அவருடைய விண்ணப்பங்களை நான் என் லேப்டாப்பில் அடித்து அனுப்பினேன். பாதிப் பேர் வயதைக் கேட்டார்கள். மீதிப் பேர் எதையுமே கேட்கவில்லை. கடைசியில் என் அப்பா சொல்லி அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலை கேட்டில் அவருக்கு வேலை கிடைத்தது. ஆட்கள் வருவதையும் போவதையும் எழுதவேண்டும். காலை ஆறு மணி ஷிஃப்ட். அதனால் அவரும் மதினியும் வீட்டையும் காலி செய்துகொண்டு அங்கேயே போய்விட்டார்கள்.

நான் இன்னும் இங்கேதான். சில நாள் பதினொரு மணிக்கு எழுகிறேன், சில நாள் பன்னிரண்டு. நேற்று மத்தியானம் படுத்தபடியே அண்ணாச்சிக்கு போன் போட்டேன்.

"வேலை ஓடுதா தாயி?"

"ஓடுது அண்ணாச்சி."

"பொய்யி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. போனையும் வைக்கவில்லை. மெஷின் இரைச்சலுக்கு நடுவே அவர் அப்பளத்தை நொறுக்கும் சத்தம் கேட்டது. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை போனை வைக்க எனக்கும் மனசு வரவில்லை.