பேர் சொல்லும் கிளி

அது ஆடியா ஆவணியா என்று என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உலகநாதனைக் கேட்டால் தெரியும். ஆனால் அவரிடம் காலையில் ஒன்று கேட்டால் மத்தியானம்தான் பதில் வரும். கல்பாக்கத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. இந்தக் கதையை அவர் துண்டு துண்டாகத்தான் சொன்னார். நடுவில் இருந்த மௌனங்களை நான் என் இஷ்டத்துக்கு நிரப்பியிருக்கலாம். ஆனால் பருப்பு தீய்ந்ததும், ஜன்னல் திறந்திருந்ததும், கிளி அதன் வழியாகப் போனதும் நிச்சயம்.

அவர் மனைவி சரோஜா அப்போது ஊரில் இல்லை. சிங்கப்பெருமாள் கோயிலில் மகள் துர்காதேவி வீடு மாற்றுகிறாள் என்று உதவிக்குப் போயிருந்தாள். புறப்படும்போது கிளியைப் பற்றி வாசல்வரை சொல்லிக்கொண்டே போனாள். மாதுளையை முத்து முத்தாக உதிர்த்து வைக்க வேண்டும், மத்தியானம் கூண்டைத் திறந்துவிட வேண்டும், அது கோபமாக இருந்தால் எதிர்த்துப் பேசக் கூடாது. கணவருக்கு என்று சொன்னது ஒன்றுதான்: "பருப்புக்கு அஞ்சு விசில்."

கிளியின் பெயர் நீலா. பச்சைக்கிளி வளர்த்தால் வனத்துறைக்காரர்கள் வந்து நிற்பார்கள் என்று, செங்கல்பட்டில் ஏசுதாஸ் என்பவர் கடையில் வாங்கிய நீலக்கிளி. அது வந்த பிறகு டிவி ரிமோட்டில் எண்கள் இல்லை. உலகநாதனின் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல்தான் காது. கொடியில் காயும் துணிகளின் கிளிப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, சட்டை கீழே விழுவதைத் தலையைச் சாய்த்து ரசிக்கும். ஞாயிற்றுக்கிழமை சற்று அதிகம் தூங்கினால் மார்பின் மேல் நடந்து வந்து மீசையைப் பிடித்து இழுக்கும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தொல்லை குக்கர் விசில். அசல் குக்கரே ஏமாந்துபோகும் அளவுக்கு நீலா விசில் அடிக்கும். சரோஜா மட்டும் அடுப்படியில் நின்று வெயிட் குதிக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் எண்ணுவாள். அந்த ரகசியத்தை அவள் கணவரிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை.

இத்தனையையும் உலகநாதன் ஒரு வார்த்தைக்காகப் பொறுத்துக்கொண்டார். சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் வாசலில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து நீலா கூப்பிடும்: "உலகநாதா, வந்துட்டியா?"

அந்தப் பெயரை உலகத்தில் வேறு யாரும் சொல்வதில்லை. ஸ்டோர்ஸில் அவர் 'சார்'. மகளுக்கு 'அப்பா'. பெயர் சொல்லிக் கூப்பிட்ட தாய் தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சரோஜாவுக்கு அவர் கல்யாணமான நாளிலிருந்து 'இந்தாங்க'. செய்யூர்ப் பக்கத்துப் பெண். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று வளர்க்கப்பட்டவள். மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது தகப்பன் பெயர் கேட்டார்கள். அவள் மேசைமேல் இருந்த உலக உருண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு, சுவரில் இருந்த சாமி படத்தைக் காட்டினாள். குமாஸ்தா கெட்டிக்காரர். 'பூமிநாதன்' என்று எழுதிக்கொண்டார். அதைத் திருத்துவதற்குள் துர்காதேவி எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

நீலாவும் முதலில் பெயர் சொன்னதில்லை. அவர் மும்பைக்கு இரண்டு மாத வேலையாகப் போய்த் திரும்பிய அன்றுதான் முதல்முறையாகக் கூப்பிட்டது. பிரிவினால் வந்த பாசம் என்று அவர் முடிவு செய்துகொண்டார். யார் குரல் என்று பிடிபடாத குரல். கொஞ்சம் செல்லம், கொஞ்சம் அதட்டல். எங்கே கற்றது என்று அவர் விசாரிக்கவில்லை. விசாரித்தால் நின்றுவிடுமோ என்ற பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உலகநாதன் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கூண்டைத் திறந்துவிட்டார். உடனே ஐந்து விசில் வந்தது. அடுப்பை அணைத்துத் திறந்து பார்த்தால் பருப்பு தண்ணீரில் கூழாங்கல் மாதிரி கிடந்தது. நீலா பிரிட்ஜின் மேல் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. மறுபடி ஏற்றினார். இனி எந்த விசிலையும் நம்புவதில்லை என்று செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். குக்கர் எத்தனையோ முறை உண்மையைச் சொன்னது. அவர் நம்பவில்லை. பிறகு அடுக்களை முழுக்கப் புகை.

ஜன்னலைத் திறந்தார். நீலா அவர் தலைக்கு மேலே பறந்து, கம்பிக்கு இடையில் ஒரு கணம் நின்று, ஒரு விசில் அடித்துவிட்டு வெளியே போனது.

மொட்டை மாடிக்கு ஓடினார். கிளிக்குத் தெரிந்த வார்த்தை சொன்னால்தான் திரும்பும். அதற்குத் தெரிந்ததோ ஒரே ஒரு வார்த்தை. பக்கத்து மேசைக்கே கேட்காத குரலில் பேசுகிறவர், தான் குடியிருந்த புதுப்பட்டினம் முழுக்கக் கேட்கும்படி, "உலகநாதா, வந்துட்டியா" என்று தென்னை மரங்களைப் பார்த்துக் கூவினார்.

அடுத்த மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த ஃபக்ருன்னிசா நிமிர்ந்தாள்.

"இன்னாண்ணே, யாரைக் கூப்புடுறீங்க?"

கிளி போன சேதி இவளுக்குத் தெரிந்தால் அடுத்த நிமிஷம் சரோஜாவுக்குத் தெரியும். உலகநாதன் நெடுநேரம் யோசித்தார்.

"சாமியை."

"உங்க பேரைச் சொல்லியா?"

"சாமிக்கும் அதான் பேரு."

ஃபக்ருன்னிசா வானத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "வந்துட்டாரா?"

"இன்னும் இல்ல."

அவர் கீழே இறங்குவதற்குள் போன் அடித்தது. சரோஜா.

"ஃபக்ரு சொல்லுது, மாடியில நின்னு சாமியைக் கூவிகினு இருந்தீங்களாம். உடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல."

"நீலா எங்க? ஒரு விசில் அடிக்கச் சொல்லுங்க. குரல் கேட்டு ரெண்டு நாளாச்சு."

காலியான கூண்டுக்கு முன்னால் நின்றுகொண்டு உலகநாதன் உதட்டைக் குவித்தார். தன் வாழ்நாளில் விசில் அடிக்காத மனிதர். முதலில் காற்று வந்தது, பிறகு கொஞ்சம் எச்சில், கடைசியில் ஏதோ ஒரு சத்தம்.

"இன்னாங்க, கேஸ்கட் போன குக்கர் மாதிரி கீது?"

"சளி."

"கிளிக்கு சளியா? நாளைக்கு மொத பஸ்ஸுல வரேன்."

சரோஜா வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. விசில் அடித்ததில் அதுவும் போய்விட்டது.

மாமல்லபுரம் பக்கம் சவுக்குத் தோப்பில் நீலமாக ஒரு பறவையைப் பார்த்ததாக மீன் கொண்டுவருகிறவர் சொன்னார். உலகநாதன் இரவல் ஸ்கூட்டர் ஒன்றை எடுத்தார். ஒரு கையில் மாதுளை, வாயில் சொந்தப் பெயர். கடலோரச் சவுக்கு மரங்களுக்கிடையில் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டு நடந்தார். வெள்ளைக்காரத் தம்பதிக்குச் சிற்பங்களைக் காட்டிவிட்டு வந்துகொண்டிருந்த கைடு அருணகிரி அவரை நிறுத்தி விஷயத்தைக் கேட்டார். உலகநாதன் கிளையைக் காட்டினார். அங்கே நீலமாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

"அது மீன்கொத்தி சார்," என்றார் அருணகிரி. "பழம் துன்னாது. பேர் சொன்னாலும் வராது."

வெள்ளைக்கார அம்மாள் அதுவரைக்கும் எல்லாவற்றையும் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து நேராகச் செங்கல்பட்டு. கடையில் ஏசுதாஸ் இல்லை, ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கல்லாவில் அவர் மனைவி ஷாரோன் மீன் தொட்டி கேட்டவரிடம் விலை பேசிக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரே ஒரு நீலக்கிளி. அதே வால், அதே அலகு, அதே அலட்சியம். பேசுமா என்று உலகநாதன் கேட்டார். நன்றாகப் பேசும் என்றாள் ஷாரோன். என்ன பேசும் என்று அவர் கேட்டிருக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான் அவர் வழக்கம்.

மறுநாள் காலையில் சரோஜா பையைக் கீழே வைக்காமலே கூண்டின் முன்னால் போய் நின்றாள்.

"நீலாக் கண்ணு, சளி எப்பிடிடா கீது?"

கிளி அவளை மேலும் கீழும் பார்த்தது. நடுவயதுப் பெண்ணின் குரலில் தெளிவாகச் சொன்னது: "கட்டுப்படி ஆகாதுண்ணா."

சரோஜா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று உலகநாதன் நினைத்தார்.

"சளியில குரல் மாறிடுச்சு," என்றார்.

"சளி வந்தா பேரம் பேசுமா?"

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு தீய்ந்த குக்கரைத் தேய்க்கப் போனாள். அவள் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டு முடித்திருப்பார். கேட்காததுதான் அவரைத் தின்றது.

அன்று சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலில் கால் வைத்தார். பழக்கத்தில் ஒரு கணம் நின்றார்.

"கட்டுப்படி ஆகாது," என்றது கிளி.

செருப்பைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. நீலா போன அன்றுகூட அவருக்கு இப்படி இருக்கவில்லை.

சரோஜா கடைக்குப் போகும் நேரங்களில் அவர் கூண்டின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தன் பெயரைத் தானே சொல்வது இவ்வளவு கூச்சமான காரியம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. ஒவ்வொரு முறையும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்துவிட்டு, மெல்ல, "உலகநாதா" என்பார். கிளி ஒரு கண்ணை மூடும். மறுபடி கனைப்பார், சொல்வார். மற்ற கண்ணையும் மூடும்.

வார இறுதிக்குள் கிளி கற்றுக்கொண்டுவிட்டது, கனைப்பை மட்டும். அச்சு அசலாக அவர் கனைப்பு. அவர் வேலையில் இருக்கும்போதே வீட்டுக்குள் கனைப்புக் கேட்டுச் சரோஜா காபி போட்டு எடுத்து வந்தாள். காலி நாற்காலிக்கு எதிரே அவள் டம்ளரோடு நின்றபோது கிளி இன்னொரு முறை கனைத்துவிட்டு, கட்டுப்படி ஆகாது என்றது.

சனிக்கிழமை, கிளிக்கு ஊசி போட வேண்டும் என்று சொல்லிவிட்டு உலகநாதன் கூண்டோடு திருக்கழுக்குன்றம் வழி செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் ஏறினார். வழி முழுக்க அது கண்டக்டரிடம் கட்டுப்படி ஆகாது என்று சொல்லிக்கொண்டே வந்தது. கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்கவில்லை.

கடையில் ஏசுதாஸ் இருந்தார். பேச வைப்பது எப்படி என்று உலகநாதன் கேட்டார். எந்த வார்த்தை வர வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். உலகநாதன் கனைத்தார். கிளியும் கனைத்தது.

"என் பேரு. உலகநாதன்."

ஏசுதாஸ் கையிலிருந்த தினைப் படியைக் கீழே வைத்தார். "அந்த உலகநாதன் நீங்கதானா சார்? கல்பாக்கம்?" என்று கேட்டுவிட்டுக் கூண்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "மூணாவதுக்காவது ஜன்னல்ல வலை அடிச்சுடுங்க."

"இது ரெண்டாவது," என்றார் உலகநாதன்.

"இல்ல சார். நீங்க பாம்பேல இருந்தப்ப மொத கிளி பறந்துபோயி, அக்கா அழுதுகினே வந்து ரெண்டாவதை வாங்கினு போனாங்க. அது வாயே தெறக்கலைன்னு மறுபடி தூக்கினு வந்தாங்க. சும்மா வார்த்தை புடிக்காதுக்கா, மனசுல இருக்கிறதைச் சொன்னாதான் புடிக்கும்னேன். அவ்ளோதான், என்னை வெளிய நிக்கச் சொல்லி ஷட்டரைப் பாதி எறக்கிட்டு, உள்ள உக்காந்து உங்க பேரைத்தான் சார் சொல்லிகினே இருந்தாங்க."

உலகநாதன் கூண்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். ஊசி போட்டாயிற்றா என்று சரோஜா கேட்டாள். போட்டாயிற்று என்றார்.

ஜன்னலுக்கு வலை அடித்தார்கள். ஷாரோன் இப்போது பறவைகள் முன்னால் விலை பேசுவதில்லை, வாடிக்கையாளரை வாசலுக்கு அழைத்துப் போகிறாள். ஃபக்ருன்னிசா இன்றும் மாடியில் உலகநாதனைக் கண்டால், வந்துட்டாரா என்று விசாரிக்கிறாள். முதல் கிளி என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. இரண்டாவது சவுக்குத் தோப்பில் இருக்கலாம். அங்கே விறகு பொறுக்கும் பெண்கள் யாரும் சமைக்காத இடத்தில் குக்கர் விசில் கேட்பதாகச் சொல்கிறார்கள். உலகநாதன் அதற்கப்புறம் இரண்டு மாதம் தினமும் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு, வேண்டுமென்றே அரைமணி நேரம் தாமதமாக வீட்டுக்குப் போனார். ஒரு சாயங்காலம் அவர் வாசலில் கால் வைத்ததும் கிளி அவரைப் போலவே கனைத்துவிட்டு, "உலகநாதா, வந்துட்டியா" என்றது. இந்த முறை அது யார் குரல் என்று அவருக்குத் தெரிந்தது. சரோஜா இன்றுவரை அவர் பெயரைச் சொன்னதில்லை.