கஞ்சியில் வந்த கடல்

கஞ்சியில் கடல் மணத்தது. நீலாம்பாள் ஒரு பிடி சீரகத்தைப் பொரித்துப் போட்டாள். இப்போது சீரகம் போட்ட மீன் மணம் வந்தது.

உப்பைத் தவிரக் கடலிலிருந்து எதுவும் படியேறாத சைவ வீடு அது. ஆனால் வீட்டுக்காரர் முத்துக்குமாரசாமிக்கு மாதம் தவறாமல் காய்ச்சல். ஆபீசில் எடுக்க இனி லீவும் இல்லை. மனிதர் தேய்ந்துகொண்டே வந்தார். அந்த நேரத்தில்தான் திருவனந்தபுரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கும் தம்பி செந்தில்வேல் பழுப்புக் கடல்பாசிப் பொடியோடு வந்தான்.

"அக்கா, இதுல ஒரு வக கூட்டுச் சர்க்கர உண்டு. ஒடம்புல தூங்கிட்டுக் கெடக்க காவல்காரன தட்டி எழுப்பும். பின்ன சீக்கு அண்டாது."

"சர்க்கரன்னா இனிக்குமா?"

"இனிக்காது. கொழகொழன்னு இருக்கும். கோழிக்குக் குடுத்துப் பாத்தோம், நல்ல பலனாக்கும்."

"மனுசனுக்கு?"

"கெடுதல் ஒண்ணும் வராது."

அத்தானிடம் சொல்ல மட்டும் அவனுக்கும் தைரியம் இல்லை. பொடி ரகசியமாகக் கஞ்சிக்குள் போனது.

அன்று சாயங்காலம் கஞ்சிச் செம்பை மூக்கருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். "நீலா, மீன் மணம் அடிக்குதே."

"பக்கத்துல ஞானபாய் கறி வைக்கா போல." வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"அப்படியா? ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வாறேன்." செம்பும் கையுமாக வேலியைத் தாண்டிப் போனார். அரை மணி நேரம் கழித்துக் காலிச் செம்போடு சாந்தமாகத் திரும்பினார்.

"நல்லா சொல்லியாச்சு. கேக்கமாட்டேங்கா. நாளைக்கும் போணும்."

மறுநாள் பெருங்காயம் போட்டாள். அது கடலோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு ஊரையே கூப்பிட்டது. அவர் கிளம்பினார். அதற்கு மறுநாள் ஜன்னலைச் சாத்தினாள்.

"ஜன்னல அடச்சா அவ திருந்துவாளா?" என்று செம்பை எடுத்துக்கொண்டார்.

அந்த மாதம் காய்ச்சல் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. கன்னத்தில் மினுமினுப்பு, இடுப்பில் வேட்டிக்கு இறுக்கம். பாறசாலை டெலிபோன் பூத்துக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டாள் நீலாம்பாள். "மக்கா, என் தாலியக் காத்துத் தந்தது நீயாக்கும். நல்லா இருப்ப," என்று அழுதே விட்டாள்.

ஆனால் ஞானபாயை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஊர் முழுக்கக் கோழிச்சீக்கு, கூடு கூடாகக் காலியாகிறது. கோழியை நம்பிப் பிழைக்கிற அந்தப் பாவத்துக்கு, செய்யாத குற்றத்துக்குத் தினமும் ஏச்சு வேறா? ஒரு சீப்பு ஏத்தன் பழத்தோடு வேலியைத் தாண்டினாள்.

"ஞானபாய், மணம் வந்தது என் கஞ்சியில இருந்தாக்கும். பழிய உன் தலயில போட்டுட்டேன். அவரு ஏசினதெல்லாம் பொறுத்துக்கிட்டியே, உனக்கு எப்படி நன்றி சொல்லுவேன்?"

முற்றத்தில் கோழிகள் கொழுத்து மேய்ந்துகொண்டிருந்தன. ஞானபாய் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"நன்றி நானாக்கும் சொல்லணும் அக்கா. சாரு தெனமும் கொண்டாந்து ஊத்துத கஞ்சியில எங்க கோழி ஒண்ணுகூட சாவல்ல, பின்ன நான் அவருக்கு மரச்சீனிக் கெழங்கும் சாள மீன் கறியும் வெளம்பாம இருப்பேனா?"