டாக்டருக்கு முந்தி ரிப்போர்ட் படிப்பவர்

டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் ரிப்போர்ட்டைப் படித்துவிடுகிற இனம் ஒன்று உண்டு. தச்சநல்லூரில் அந்த இனத்துக்குத் தலைவர் சங்கிலிபூதத்தான். தாலுகா ஆபீஸில் ஹெட்கிளார்க்காக முப்பது வருஷம் மனுக்களைப் படித்து, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்றவர். இங்கிலீஷ் தெரியும். போதாதா? தெருவில் யாருக்கு ரத்தம் எடுத்தாலும், யார் நெஞ்சைப் படம் பிடித்தாலும் கவர் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகும்; டாக்டருக்குப் போவது எச்சில் கவர்.

அவருடைய வைத்திய சாஸ்திரம் ஒரே வரி: எது கூடினாலும் கேடு. சர்க்கரை கூடினால் கேடு, பிரஷர் கூடினால் கேடு, கொழுப்பைச் சொல்லவே வேண்டாம்.

தொண்ணூற்றாறில் சொர்ணாம்பாளுக்கு மார்பில் கட்டி. புற்றுதான் என்று தெரிந்து, வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. சதையைச் சோதித்த முழு ரிப்போர்ட் திங்கட்கிழமை வந்தது. புருஷன் அம்மையப்பன் வழக்கப்படி கவரோடு சங்கிலிபூதத்தானிடம் போனார். அவளும் கூடப் போனாள். பெரியவர் படித்தார், உதட்டைப் பிதுக்கினார், ‘லிம்போசைட்’ என்ற இடத்தில் இரண்டு கோடு போட்டார்.

“என்னவே அம்மையப்பன், கட்டிக்குள்ள ஏதோ அணு பூந்திருக்காம்வே. கொஞ்சநஞ்சமில்ல, ஏராளம்னு எழுதுதான்.”

“அப்பம் ஆபரேஷன், அண்ணாச்சி?”

“செய்யுததும் செய்யாததும் உம்ம இஷ்டம்.”

சொர்ணாம்பாள் எழுந்துவிட்டாள். “பரவிட்டுல்லா! இனி அறுத்து என்ன செய்ய? நான் வரல” என்று வீட்டுக்கு வந்தவள், பட்டுச்சேலைகளை மூன்று மருமகள்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பச்சைப் பயம். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

புதன்கிழமை அம்மையப்பன் கெஞ்சிக் கூத்தாடி அவளைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போனார். டாக்டர் மஹ்மூதா பீவி சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“இது நோய் அணு இல்லம்மா. நோயை எதிர்க்க உங்க ரத்தத்துல இருக்கப்பட்ட அணு. கட்டிக்குள்ளயே போயி மல்லுக்கு நிக்கி. இது நிறைய இருந்தா நோய் பைய நகரும், திரும்ப வாரதும் குறைவுன்னு பாத்திருக்கோம். உறுதின்னு சொல்லமாட்டேன், நல்ல அடையாளம். ஆனா கட்டிய எடுத்தே ஆகணும்.”

சொர்ணாம்பாள் விம்மி விம்மி அழுதாள். “நாளைக்கே எடுத்துருங்கம்மா.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சேலைகளைத் திரும்ப வாங்குவதுதான் பெரும்பாடு. மூன்றாவது மருமகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

சங்கிலிபூதத்தான் சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். “நாந்தான் அன்னைக்கே கோடு போட்டுக் காட்டினேன்லா!”

அவரைத் திட்டாதீர்கள். இப்போது உங்களுக்கும் ‘லிம்போசைட்’ என்றால் என்னவென்று தெரியும், நிறைய இருந்தால் நல்லதென்றும் தெரியும். இங்கிலீஷும் கொஞ்சம் வரும், இல்லையா? அதோ, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கவரோடு உங்கள் வாசலில் நிற்கிறார். கையை மட்டும் நீட்டிவிடாதீர்கள்.