கரும்புக் கத்திப் பதத்தில் ஐஸ் பூட்ஸ்

அரசு ஊழியர் ஒருவர் விளையாட்டுப் போட்டிக்குப் போகச் சிறப்புத் தற்செயல் விடுப்பு கேட்டால், அழைப்புக் கடிதத்தை முழுமையாக இணைக்க வேண்டும். அலுவலகத் தலைவர் வழியாக, போதிய அவகாசம் விட்டு அனுப்ப வேண்டும். விதி இவ்வளவுதான். எங்கள் ஜீப் டிரைவர் என் மேஜையில் வைத்த தாளில் ஒரே ஒரு வரி இருந்தது: 'ஐஸ் ஸ்கேட்டிங் போட்டிக்குப் போக லீவு வேண்டும்.' கீழே கையெழுத்து. அதன் மேல் டீக்கறை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே ஒரு பொருளையாவது சரியாகப் பார்த்து வாங்கத் தெரியாத ஒரே மனிதர் அவர்தான். குடை வாங்கினால் விரியாது, விரிந்தால் மடங்காது. அலுவலகத்தில் அவர் பெயர் ரிவர்ஸ். வெள்ளிமலை ரோட்டில் எதிரே பஸ் வந்துவிட்டதென்று நாலு கொண்டை ஊசி வளைவையும் பின்பக்கமாகவே இறங்கியவர். பின் சீட்டில் இருந்தவன் நான், அலுவலகக் கண்காணிப்பாளர். திரும்பியதும் முதல் வேலையாக என் வாரிசு நியமனப் படிவத்தைச் சரிபார்த்தேன்.

அதிகாரியை ஒரு கூட்டத்துக்காகச் சென்னைக்கு அழைத்துப் போனவர், காத்திருந்த நேரத்தில் ஒரு மாலுக்குள் நுழைந்து ஐஸ் தளத்தில் ஏறியிருக்கிறார். டிக்கெட்டுக்கு உரிய நேரம் முழுவதும் ஓரக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். பல்லிகூட ஓர் அடி நகர்ந்திருக்கும். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன ஞானம் வேண்டும்? இவருக்கு வந்ததோ வெறி. வடக்கே ஒரு மலை ஊரில், ஐம்பது தாண்டிய கற்றுக்குட்டிகளுக்கும் ஒரு பிரிவு வைத்து நடக்கும் போட்டியில் பெயர் கொடுத்துவிட்டார். அடுத்த வருடம் ஓய்வு. அதற்குப் பின் வடக்கே போக வீட்டில் விடமாட்டார்கள். இருந்த விடுப்பெல்லாம் மனைவியின் ஆஸ்பத்திரி நாட்களில் தீர்ந்திருந்தது. சம்பளமில்லாமல் போனால் அந்த மனைவியே வாசலில் நிற்க வைப்பார். சிறப்பு விடுப்பு வந்தால் ஐஸ், வராவிட்டால் இல்லை.

விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அழைப்புக் கடிதத்தோடு வந்தார். அடியில் 'பக்கம் 1/2' என்று இருந்தது. இரண்டாம் பக்கம் எங்கே என்றேன். வூட்டுல எங்கியோ கீதுங்க சார் என்றார். மறுபடி திருப்பினேன்.

அவர் தேடவில்லை. தளவாடம் சேர்க்கப் போய்விட்டார்.

அவர் கால் ஏழாம் நம்பர். செல்போனில் பார்த்து யாரிடமோ பழைய ஐஸ் பூட்ஸ் வரவழைத்தார், ஒன்பதாம் நம்பரில். நம் ஊரில் பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைகளுக்கு வாங்குகிற அதே கணக்கு.

"ஏன்யா, இந்த வயசுல இன்னும் கால் வளருமா?"

"பெருசா இருந்தா ரெண்டு சாக்ஸ் ஜாஸ்தி போட்டுக்கலாங்க சார். ஐஸு குளிரும்ல."

மூன்று சாக்ஸ் போட்டும் கால் உள்ளே குடித்தனம் நடத்தியது. முனையில் காகிதம் திணித்துக்கொண்டார்.

உடைக்குக் கல்வராயன் மலையில் டீக்கடை வைத்திருப்பவரிடம் ஆலோசனை. மார்கழிக் குளிரைப் பார்த்தவர் என்பதுதான் அவருடைய தகுதி. அவர் சொன்னபடி குரங்கு குல்லா, இரண்டு ஸ்வெட்டர், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பேன்ட். முழங்கால் மடங்கவில்லை. கைக்கு வெல்டிங் பட்டறைக் கையுறை. தலைக்குக் குல்லாவின் மேல் பைக் ஹெல்மெட். மூச்சு விட்டால் கண்ணாடியில் ஆவி கட்டும். வழி தெரியாமல் சறுக்குவது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பூட்ஸின் பிளேடைச் சாணை பிடிக்க மூங்கில்துறைப்பட்டுக்குப் போனார். அங்கே சர்க்கரை ஆலையின் அரவை சமயத்தில் கரும்பு வெட்டும் கத்திகளைத் தீட்டுகிற ஒருவர் உண்டு. ஐஸ் பூட்ஸின் பிளேடுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். அதன் இரண்டு கரைகள்தான் ஐஸைப் பிடிக்கும். சாணைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"இன்னாண்ணே இது, நடுவுல குழி வுழுந்து கீது? எவனோ ஏமாத்திட்டான் உன்ன."

"சரி பண்ணிடு தம்பி."

பள்ளம் போகும்வரை ராவி, ஒரே கூராக்கி, ஒரு கரும்பை வெட்டியும் காட்டியிருக்கிறார். ஒரே வெட்டில் விழுந்ததாம். ரிவர்ஸ் மறுநாள் அலுவலகம் முழுக்க இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரிசி ஆலைக் களத்தில், பங்குனி வெயிலில். மீன் கடைக்குப் போகும் பத்து ஐஸ் பார்களை உமியின் மேல் அடுக்கியிருந்தார். களத்தில் வேலை செய்த பெண்கள் முறங்களைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். அலுவலகமே வந்திருந்தது. நானும் போனேன், மேற்பார்வைக்கு.

விண்வெளிக்குப் போகிறவர் போல நடந்து வந்து ஏறினார். ஒரு கணம் நின்றார். கத்திப் பதத்தில் இருந்த பிளேடு தன் வேலையைச் செய்தது. ஐஸ் பார் படக்கென்று இரண்டாகப் பிளந்தது. ஒரு துண்டு தெற்கே, ஒரு துண்டு வடக்கே, ஒவ்வொன்றிலும் ஒரு கால்.

"கல்யாணத்துக்குக் கூப்ட்டா நல்லா ஐஸ் வெட்டுவாருபோல" என்றார் ஒரு பெண்மணி.

உமியிலிருந்து அவரைத் தூக்கி உட்காரவைத்து பூட்ஸைக் கழற்றினோம். முனையில் திணித்திருந்த காகிதத்தை வெளியே இழுத்தேன். காகிதத்தைப் பார்த்தால் பிரித்துப் படிப்பது என் வழக்கம். 'பக்கம் 2/2' என்றிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை அங்கேயே சத்தமாகத் தமிழில் சொன்னேன்: சறுக்குக் காலணிகள் அரங்கிலேயே அளவு பார்த்து வாடகைக்குத் தரப்படும், காலைப் பிடித்தாற்போல் இருப்பதையே எடுக்கவும், மெல்லிய காலுறை ஒன்று போதும், முழங்கால் நன்றாக மடங்கும் உடை அணியவும்.

ரிவர்ஸ் ஹெல்மெட்டையும் குல்லாவையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உருகி ஓடும் ஐஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "போவ முடியுங்களா சார்?" என்றார்.

இரண்டு பக்கங்களும் சேர்ந்துவிட்டதால் விண்ணப்பத்தைத் திருப்ப எனக்குக் காரணம் இல்லை. பரிந்துரை எழுதி மேலே அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். மறுபடி நினைவூட்டினேன். போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது.

அன்று மாலை ஜீப்பின் ஓட்டப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளம், தேர்தல் வேலை, அமைச்சர் வருகை என்று அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிய நாட்களுக்கு ஒரு தடவைகூட ஈடுசெய் விடுப்பு கேட்டதில்லை. எடுத்துக்கொள்ளலாம் என்பதே அவருக்குத் தெரியாது. காலாவதியாகாத நாட்களைப் பொறுக்கி எடுத்தேன். ரயில் பயணத்துக்கும் சேர்த்துப் போதுமானதாக இருந்தது. விண்ணப்பத்தையும் நானே எழுதினேன். வேறு யாருக்கும் எழுதியதில்லை.

போனார். ஆறு பேரில் ஆறாவது. விழுந்ததற்கு அடையாளமாக முழங்கையில் பிளாஸ்திரி. வந்தவர் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"கம்பிய வுட்டுட்டுப் போனேங்க சார். மூணு சுத்து."

நேரத்துக்கு வேலையைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வருடம் அவர் ஓய்வு பெறும் நாளன்று பிரிவு உபசாரக் கூட்டத்தில் பேச, அவரைப் பற்றிய கேலிகளாகவே நாலு பக்கம் தயாரித்து வைத்திருந்தேன். எழுந்து நிற்கும்போது அன்றைய தபால் கையில் வந்தது. 'மேற்காணும் ஊழியர் ஐஸ் ஸ்கேட்டிங் போட்டியில் கலந்துகொள்ளச் சிறப்புத் தற்செயல் விடுப்பு அனுமதிக்கப்படுகிறது.' நாலு பக்கத்தையும் பையில் வைத்துவிட்டு அந்த ஒரு வரியைப் படித்தேன். தபாலில் வரவு முத்திரையை நானே வைத்தேன்: ஜூன் முப்பது, பிற்பகல்.