தலை மங்கிய நிழல்

சேசு மரி சூசை துணை

காடாம்புலியூர்
28.1.2012

அன்புள்ள மச்சான் அந்தோணிசாமிக்கு,

உன் அக்கா புருஷன் லூர்துசாமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே உன் அக்கா ஆரோக்கியம்மாள் நலம், ஆடுகளும் நலம். நான் இன்னும் ஆறு மாதத்தில் இறந்துவிடுவேன். அங்கே நீங்கள் அனைவரும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

பதறாமல் முழுவதும் படி. புயலில் நம் முந்திரித் தோப்பு மொத்தமும் சாய்ந்ததும், பலா மூன்றும் வேரோடு புரண்டதும் உனக்குத் தெரியும். மூன்று வாரம் கரண்ட் இல்லை. சிமினி விளக்கில்தான் சாப்பாடு. அப்போது சுவரில் என் நிழல் மூக்கும் மீசையுமாக அச்சடித்த மாதிரி விழுந்தது. போன வாரம் கரண்ட் வந்தது, டியூப் லைட் எரிந்தது, உன் அக்கா கை தட்டினாள், நான் சுவரைப் பார்த்தேன். என் நிழல் ஈரத்துணியால் துடைத்த கறை மாதிரி இருந்தது. மறுநாள் காலை தோப்பில் வெயிலில் நின்று பார்த்தேன். கால் பக்கம் சுத்தமாக இருக்கிறது, மேலே போகப் போகக் கலங்கி, தலையின் ஓரமே பிடிபடவில்லை. கண்தான் கெட்டுவிட்டதென்று பண்ருட்டிக்குப் போய்க் காட்டினேன். கண் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். கண் நன்றாக இருந்தால் கெட்டது நிழல்தானே? பக்கத்து நிலத்துக் கொளஞ்சியப்பனிடம் கேட்டேன். அவர் குந்தி விறகு வெட்டிக்கொண்டே, "நெழல்ல தல மங்குனா ஆறு மாசம்தான்னு எங்க வூட்ல சொல்லுவாங்க" என்றார். அவர் நிழலைப் பார்த்தேன். தலை தெளிவாக இருந்தது.

கோயில் சாமியாரிடம் போய், சாகக் கிடப்பவர்களுக்குச் செய்கிற நோயில்பூசுதல் கொடுக்கச் சொன்னேன். என்ன நோய் என்றார். நிழல் சரியில்லை சாமி என்றேன். போய் மரத்துக்கு நிவாரண மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். உன் அக்கா அதற்கு மேல். "சாவறதுன்னா சாவுங்க, மொதல்ல கெடக்கற மரத்த அறுத்து அடுக்கிட்டுச் சாவுங்க" என்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் சிந்துஜா உன் வீட்டில் தங்கி பி.எஸ்ஸி. பிசிக்ஸ் கடைசி வருஷம் படிக்கிறாள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் தவக்காலம் பிறந்துவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது, ஈஸ்டர் வரை காத்திருக்க என் தலைக்குத் தெம்பில்லை. குறிஞ்சிப்பாடியில் ஒரு வரன் பேசிவிட்டேன். அதற்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாக வேண்டும். அதனால் தாய்மாமனாக நீயே அவள் புத்தகங்களை மூட்டை கட்டி அழைத்து வா. அழுவாள். நானும்தான் அழுகிறேன். அப்பனும் இல்லாமல் மரமும் இல்லாமல் அவளை விட்டுவிட்டுப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என் முத்தம். மாதா உன் குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்காதிருப்பாளாக.

இப்படிக்கு,
லூர்துசாமி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் சிந்துஜாவே வந்து நிற்கிறாள். உன் அக்கா போன் செய்துவிட்டாளாம். கடிதத்தைப் படித்தாள், என்னை வெயிலுக்கு இழுத்துப் போய் ஒரு முந்திரிக் குச்சியை நட்டாள். குச்சியின் நிழலும் அடியில் தெளிவு, நுனியில் கலங்கல். சூரியன் புள்ளி இல்லையாம், அகலமான தட்டாம். அதன் இந்த ஓரத்து வெளிச்சம் ஓரிடத்திலும் அந்த ஓரத்து வெளிச்சம் வேறிடத்திலும் நிழலை வெட்டுகிறதாம்; பொருள் தரையை விட்டு எட்டப் போகப் போக அந்த வித்தியாசம் அதிகமாகிறதாம். டியூப் லைட் நீளம் என்பதால் கலங்கல், சிமினிச் சுடர் சின்னது என்பதால் தெளிவு. என்னைக் குந்தச் சொன்னாள். என் தலை தரையில் பளிச்சென்று வந்துவிட்டது. அப்படியானால் ஐம்பத்தெட்டு வருஷமாக இது ஏன் என் கண்ணில் படவில்லை என்று கேட்டேன். "காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மரத்துக்குக் கீழயே நின்னீங்கப்பா. உங்க நெழல் எங்க வுழுந்துது?" என்றாள். குந்தியபடியே அழுதேன்.

மேலே எழுதியதை மறந்துவிடு. அவள் நாளை திரும்பி வருகிறாள், பரீட்சை எழுதட்டும். குறிஞ்சிப்பாடிக்காரருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆறு மாதம்தான் என்று நினைத்தபோது, தோப்பை மறுபடி முதலிலிருந்து வளர்க்க வேண்டியதில்லை என்று உண்மையில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, மச்சான். பலாக்கன்று வைத்தால் காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நான் இருந்தாக வேண்டும். அடுத்து நீ வரும்போது ரம்பம் கொண்டு வா.