ஆகாயத்தில் சிந்திய வாளி

என்னை நடுவானில் சுட்டு வீழ்த்தியவர் ஒரு தட்டச்சு ஆசிரியை. சொல்ல வெட்கம்தான். (வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இனி மறைத்து என்ன பயன்?) அப்போது நாங்கள் இருவரும் விழுப்புரத்தில், ஒரு மரக்கடை மாடியில், அருகருகே மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம்.

எண்பதுகளின் கடைசி. மரக்கடை முதலாளி விழுப்புரத்தில் ஒன்று, திண்டிவனத்தில் ஒன்று எனக் கம்ப்யூட்டர் வகுப்புகள் நடத்தினார். விழுப்புரத்துக்கு நான் வாத்தியார், திண்டிவனத்துக்குத் தட்டச்சும் சொல்லித்தரும் ரெஜினா டீச்சர். விழுப்புரம் வகுப்புக்குப் புதிதாக ஒரு கலர் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதில் சண்டை விமான விளையாட்டு ஒன்று இருந்தது. திரை இரண்டாகப் பிரியும். ஆளுக்கொரு விமானம், ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக். எதிரியைக் கண்டதும் வெடுக்கென்று திருப்பி, மறுபடி திருப்பி, வாலைப் பிடித்துச் சுடுவது என் பாணி. மாணவர்கள் என்னை 'பைலட் சார்' என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

கூடவே வந்த ஆங்கிலக் கையேட்டை நான் தமிழில் எழுதி, பிரதி எடுப்பதற்காக ஸ்டென்சிலில் அடித்துத் தரும்படி ரெஜினா டீச்சரிடம் கொடுத்திருந்தேன். அதில் நானே ரசித்த இடம் இது: 'உயரம் என்பது தொட்டித் தண்ணீர். வேகம் என்பது வாளித் தண்ணீர். வெடுக்கென்று திருப்பினால் வாளி சிந்தும். சிந்தியது திரும்பாது. ஆகவே வாளி நிறைந்திருக்கும்போதே மேலே ஏறித் தொட்டியில் ஊற்றி வை. வேண்டும்போது மூக்கைக் கீழே இறக்கு. வாளி தானே நிறையும்.' எழுதியதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டு எடத்துல நடத்தறது தோதுப்படல. கலர் மிசினு எந்த ஊர்ல இருக்குதோ அந்த ஊர்ல மட்டும்தான் இனிமே வகுப்பு. எந்த ஊருன்னு சீட்டு குலுக்கிப் போடறேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "சீட்டு எதுக்குங்க மொதலாளி? ரெண்டு பேரும் ஏரோப்ளேன் ஓட்டறோம். ஜெயிச்சவங்க ஊருக்கு மிசினு" என்றேன்.

தோற்றால் எனக்கு மாமாவின் மல்லாட்டை மில்தான், அதாவது நிலக்கடலை மில்தான், கதி. அங்கே எனக்கென்று ஒரு ஸ்டூலே தயாராக இருந்தது. டீச்சர் தோற்றால் அவருக்கு அந்த ஸ்டூல்கூடக் கிடையாது. அவர் வேலையை நம்பித்தான் அவர் வீடு இருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டு ஊர் மாணவர்களும் சுவரோரம் நெருக்கியடித்து நின்றார்கள். மூன்று ஆட்டம் என்று பேச்சு.

"நான் இத வெளாடினதே இல்ல சார். பேப்பர்ல படிச்சதுதான்" என்றார் டீச்சர்.

"பயப்படாதீங்க டீச்சர். ஜல்தியா முடிச்சிடறேன்."

முதல் ஆட்டத்தில் நான் சுடவே இல்லை. அவராகவே தரையில் மோதிக்கொண்டார். மாணவர்கள் விசிலடித்தார்கள். இரண்டாவதில் அவர் எந்தப் பக்கமும் திரும்பாமல் மேலே மேலே போனார்.

"இன்னா டீச்சர், ஓடிக்கினே இருக்கீங்க?" என்று சிரித்தேன்.

நான் கீழே வட்டமடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று மேலிருந்து இறங்கினார். என் பாதித் திரை சிவப்பானது. விசில் நின்றது.

மூன்றாவது ஆட்டம். இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி எப்படியோ அவர் வாலுக்குப் பின்னால் வந்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் நெருங்கினால் போதும். அவர் திரும்பவில்லை, மூக்கைத் தூக்கினார். நானும் தூக்கினேன். திரையடியில் என் வேகம் முந்நூறு என்றது. இருநூறு. நூற்றைம்பது. ஜாய்ஸ்டிக்கை வயிறு வரை இழுத்தேன். விமானம் ஒருமுறை நடுங்கி, மூக்குக் கவிழ்ந்து விழத் தொடங்கியது.

"இன்னாய்யா, வண்டி நின்னு போச்சா?" என்றார் முதலாளி.

இடது பக்கம் திருப்பினேன், வலது பக்கம் திருப்பினேன். திருப்பத் திருப்ப அந்த எண் இன்னும் குறைந்தது. தலைக்கு மேலே அவர் விமானம் நிதானமாகப் புரண்டு என்னை நோக்கி இறங்கியது. டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"சார், வாளி சிந்துது."

அடுத்த நொடி சுட்டார்.

"எங்க டீச்சர் கத்துக்கினீங்க?" என்று கேட்டேன்.

"உங்க பேப்பர்லதான் சார். ஸ்டென்சில்ல ஒரு எழுத்து தப்பா அடிச்சிட்டா சிவப்பு மை தடவி, காய வச்சி, மறுபடி அடிக்கணும். பெரிய பேஜாரு. அதான் ஒவ்வொரு வரியையும் மூணு தபா படிச்சிட்டு அடிப்பேன்."

எழுதிய நான் ஒரு தபாகூடப் படித்ததில்லை.

அன்றைக்கே கம்ப்யூட்டர் மரலாரியில் ஏறித் திண்டிவனம் போனது. நான் மில்லுக்குப் போகத் தயாரானபோது ரெஜினா டீச்சர் முதலாளியிடம் சொன்னார்: "ஒத்தாசைக்கு ஒரு ஆளு வேணுங்க. சாரையே அனுப்பிடுங்க. ஓட்டறதுதான் வராது, எழுதறது நல்லாவே வரும்." நான் யோசிக்காத ஒன்றை அவர் எனக்காக யோசித்திருந்தார். ஆறு வருடம் காலை ரயிலில் திண்டிவனம் போய் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன்.

கல்யாணமான புதிதில் ஏதோ பலவீனத்தில் இதை மனைவியிடம் உளறிவிட்டேன். அன்று முதல் நான் யாரிடம் குரல் உயர்த்தினாலும் எங்கள் வீட்டில் அந்த இரண்டு சொற்கள்தான். போன வாரம் கேஸ் சிலிண்டர்காரரிடம் போனில் எகிறிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து மனைவியும் மகளும் சேர்ந்தே, "வாளி சிந்துது!" என்றார்கள்.

மூன்று வயதுப் பேத்தி மட்டும் தரை துடைக்கும் துணியோடு என் காலடிக்கு ஓடிவந்தாள்.